அரசு ஓய்வூதியமா, தனியார் ஓய்வூதியமா? இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த ஒரு முழு வழிகாட்டி

இரண்டு வேலை வாய்ப்புகள் கையில் இருந்தால் சம்பளத்தை எல்லோரும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேச்சு ஓய்வூதியத்துக்கு வந்ததும் கணக்கு நின்று நம்பிக்கை பேச ஆரம்பித்துவிடும். “கால் காசு உத்தியோகமானாலும் கவர்ன்மென்ட் உத்தியோகம்” என்பார் ஒருவர். “சம்பளம் அதிகம் வாங்கி நாமே சேர்த்துக்கொண்டால் போச்சு” என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் யார் சொல்வது உங்களுக்குப் பொருந்தும் என்பது நீங்கள் எந்த வயதில் சேர்கிறீர்கள், எந்த வயதில் விலகுவீர்கள் என்பதைப் பொறுத்தது. துறையின் பெயரைவிட இந்த இரண்டு வயதுகள்தான் ஓய்வூதியத்தைத் தீர்மானிக்கின்றன என்பது என் கருத்து. ஏன் என்பதை மூன்றாம், நான்காம் படிகளில் கணக்கோடு காட்டுகிறேன்.

எந்த நாட்டில் இருப்பவருக்கும் பொருந்தவேண்டும் என்பதால் உதாரணக் கணக்குகளில் நாணயம் எதையும் சொல்லவில்லை. ஆண்டுச் சம்பளம் 100 என்று வைத்துக்கொண்டு போகிறேன். உங்கள் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

முதல் படி: திட்டம் எந்த வகை என்று பாருங்கள்

வேலை வழியாக வரும் ஓய்வூதியத்தில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. முதலாவது உறுதிப் பலன் திட்டம். சம்பளத்தையும் பணிக்காலத்தையும் வைத்து ஒரு சூத்திரம் இருக்கும். அதன்படி வரும் தொகை நீங்கள் உயிரோடு இருக்கும்வரை வரும். அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பது வேலை கொடுத்தவரின் தலைவலி. இரண்டாவது பங்களிப்புத் திட்டம். நீங்கள் கொஞ்சம், நிறுவனம் கொஞ்சம் என்று உங்கள் பெயரில் பணம் சேரும், அது முதலீடு செய்யப்படும். ஓய்வு பெறும் நாளில் என்ன இருக்கிறதோ அதுதான் உங்களுக்கு. இங்கே தலைவலி உங்களுடையது.

அரசு என்றால் முதல் வகை, தனியார் என்றால் இரண்டாவது வகை என்று நினைத்துவிடவேண்டாம். இந்திய மத்திய அரசில் 2004 ஜனவரி 1 முதல் சேர்ந்தவர்கள், ராணுவத்தினர் நீங்கலாக, தேசிய ஓய்வூதியத் திட்டம் என்ற பங்களிப்பு முறைக்குள் வந்தார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் என்று இன்னொரு தேர்வும் வந்தது. 25 ஆண்டுப் பணி முடித்தவருக்குக் கடைசி 12 மாத அடிப்படை ஊதியத்தின் சராசரியில் பாதியை அது உறுதி செய்கிறது. ஆக, ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் உட்கார்ந்திருக்கும் மூன்று பேருக்கு மூன்று விதமான ஓய்வூதியம் இருக்கலாம். அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களின் 1987-ஆம் ஆண்டுத் திட்டமோ ஒரு கலவை: சிறிய உறுதிப் பலன், சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம், சொந்தச் சேமிப்புக் கணக்கு மூன்றும் சேர்ந்தது.

தனியார் பக்கமும் இப்படித்தான். இந்தியாவில் பி.எஃப் என்ற சேமநிதிக்குப் பணம் பிடிக்கப்படும் பலருக்கு 1995-ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் சின்னதாக ஓர் உறுதிப் பலனும் இருக்கிறது. சம்பளத்தைப் பணிக்காலத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்கிறார்கள். ஆனால் கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்திருப்பதால் வரும் தொகை குறைவு. மலேசியாவின் 1951, சிங்கப்பூரின் 1955, இலங்கையின் 1958 சேமநிதிகள் மூன்றும் அரசு சட்டம் போட்டுக் கட்டாயமாக்கியவை. அரசு நடத்துகிறது என்பதற்காக அவற்றை உறுதிப் பலன் திட்டம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அடிப்படையில் அவை உங்கள் பெயரில் சேரும் பணம். சிங்கப்பூர் மட்டும் 2009-இல் அதன்மேல் வாழ்நாள் மாதத்தொகை ஒன்றைக் கட்டியது.

பல நாடுகளில் இவற்றுக்கெல்லாம் அடியில் எல்லாக் குடிமக்களுக்குமான அரச ஓய்வூதியம் என்று ஓர் அடுக்கு உண்டு. அது இரண்டு வேலையிலும் கிடைக்குமா என்று கேளுங்கள். அமெரிக்காவில் மாநில, உள்ளாட்சி ஊழியர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர், அங்கே இந்த அடுக்காக இருக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கு வெளியே இருக்கிறார். அவருடைய அரசு ஓய்வூதியம் பெரிதாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொருவருக்கு இரண்டு இடத்திலிருந்து வருவது இவருக்கு ஒரே இடத்திலிருந்து வருகிறது.

இரண்டாம் படி: விதிப் புத்தகத்தில் சில எண்களைத் தேடுங்கள்

விளம்பரத் தாளை நம்பாதீர்கள். திட்ட விதிகளைக் கேட்டு வாங்குங்கள். மனிதவளப் பிரிவு தயங்கினாலும் விடாமல் கேளுங்கள்.

முதலில் பார்க்கவேண்டியது “சம்பளம்” என்று எதைச் சொல்கிறார்கள் என்பது. சம்பளத்தில் பாதி ஓய்வூதியம் என்பார்கள். கையில் வருவது 100, அதில் அடிப்படைச் சம்பளம் 50, மீதி வீட்டு வாடகைப்படி போன்ற படிகள் என்றால், விதியில் அடிப்படைச் சம்பளம் மட்டும் எழுதியிருந்தால் உங்கள் பாதி 25 ஆகிவிடும். பதவி உயர்வுக்குப் பதில் படிகளைக் கூட்டிக்கொண்டே போகும் இடங்களில் இது பெரிய அடி.

அடுத்து, எந்தக் காலத்துச் சம்பளம்? கடைசி மாதமா, கடைசி சில ஆண்டுகளின் சராசரியா, பணிக்காலம் முழுவதற்குமான சராசரியா? ஒருவரின் சம்பளம் விலைவாசியைவிட ஆண்டுக்கு 3 சதவீதம் கூடுதலாக உயர்ந்து 30 ஆண்டுகள் போனால், விலைவாசிக்கேற்பத் திருத்திய முழுக்காலச் சராசரி அவருடைய கடைசிச் சம்பளத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் வரும். பிரிட்டனின் பெரும்பாலான அரசுப் பணித் திட்டங்கள் 2015-ஐ ஒட்டிக் கடைசிச் சம்பளத்திலிருந்து முழுக்காலச் சராசரிக்கு மாறின. ஈடாக ஆண்டுக்குச் சேரும் பங்கு கூட்டப்பட்டது. அங்கே குடிமைப் பணியில் அது ஆண்டுக்கு 2.32 சதவீதம், ஆசிரியர்களுக்கு 57-இல் ஒரு பங்கு. பங்கை மட்டும் பார்த்தால் புதிய திட்டம் சிறந்ததாகத் தெரியும். வேகமாகப் பதவி உயர்ந்தவருக்கு நஷ்டம், கடைசிவரை ஒரே நிலையில் இருந்தவருக்கு லாபம்.

மூன்றாவது, உரிமை எப்போது உறுதியாகிறது? இந்திய அரசுப் பணியிலும் மேலே சொன்ன ஊழியர் ஓய்வூதியத் திட்டத்திலும் மாத ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 ஆண்டுப் பணி வேண்டும். அமெரிக்க மத்திய அரசில் 5 ஆண்டு. பிரிட்டனில் உறுதிப் பலன் திட்டங்களில் 2 ஆண்டு. தனியார் சேமிப்புத் திட்டங்களில் நீங்கள் போட்டது எப்போதும் உங்களுடையது, நிறுவனம் போட்டது சில ஆண்டுகள் கழித்தே முழுதாக உங்களுடையதாகலாம். வரம்பைத் தொட ஆறு மாதம் இருக்கும்போது கோபத்தில் ராஜினாமா கடிதம் எழுதுபவர்களுக்கு இந்த ஒரு வரியை யாராவது முன்கூட்டியே காட்டியிருக்கவேண்டும்.

இவற்றோடு ஓய்வு வயது, முன்கூட்டியே வெளியேறினால் எவ்வளவு வெட்டுகிறார்கள், உங்கள் பிடித்தம் எவ்வளவு, நிறுவனத்தின் பங்கு சம்பளத்துக்கு மேலேயா அல்லது சொன்ன சம்பளத்துக்குள்ளேயே அடங்கிவிட்டதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியைத் தனியார் வேலையில் கட்டாயம் கேட்கவேண்டும்.

மூன்றாம் படி: இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்

மாதம் இவ்வளவு என்ற வாக்குறுதியையும், கணக்கில் இவ்வளவு என்ற தொகையையும் நேராக ஒப்பிட முடியாது. “இந்த ஒரு ஆண்டு வேலை செய்ததற்கு எனக்குச் சேர்ந்த ஓய்வூதியத்தின் இன்றைய மதிப்பு என்ன?” என்று கேட்டால் இரண்டும் ஒரே அளவுக்கு வந்துவிடும்.

ஓர் உதாரணம். அரசு வேலையில் சம்பளம் 100. அதில் 7 பிடித்தம். ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் சம்பளத்தில் 60-இல் ஒரு பங்கு ஓய்வூதியமாகச் சேரும். விலைவாசிக்கேற்ப உயரும். ஓய்வு வயது 60. தனியார் வேலையில் சம்பளம் 120, அதற்கு மேலே நிறுவனம் 6 போடும்.

அரசு வேலையில் ஓர் ஆண்டுக்குச் சேர்வது, ஆண்டுக்கு 1.67 என்ற ஓய்வூதியம். ஓய்வுக்குப் பின் 25 ஆண்டுகள் வாழ்வோம், பணம் விலைவாசிக்கு மேல் 1 சதவீதம் ஈட்டும் என்று வைத்தால், ஆண்டுக்கு 1 கிடைக்க 60 வயதில் கையில் சுமார் 22 இருக்கவேண்டும். ஆக 1.67-ஐ 22-ஆல் பெருக்கினால் 36.7. இது 60 வயதில் உள்ள மதிப்பு. இன்றைக்குக் கொண்டுவர, இடைப்பட்ட ஆண்டுகளுக்கு விலைவாசிக்கு மேல் 2 சதவீத வருமானம் என்று கழிக்கவேண்டும்.

55 வயதுக்காரருக்கு இன்றைய மதிப்பு சுமார் 33. 40 வயதுக்காரருக்கு 25. 25 வயதுக்காரருக்கு 18. அவரவர் கட்டிய 7-ஐக் கழித்தால் அரசு உண்மையில் தருவது முறையே 26, 18, 11. சம்பளத்தோடு கூட்டினால் 126, 118, 111. தனியாரிலோ எல்லா வயதிலும் 126.

அதே திட்டம், அதே விதிகள். 55 வயதுக்காரருக்கு இரண்டும் சமம். 25 வயதுக்காரருக்குத் தனியார் பக்கம் 15 கூடுதல். உறுதிப் பலன் திட்டத்தில் கடைசி ஆண்டுகளுக்குத்தான் மதிப்பு அதிகம். சேமிப்புக் கணக்கில் போட்ட பணத்துக்கு வளரக் காலம் வேண்டும் என்பதால் அங்கே ஆரம்ப ஆண்டுகளுக்கு மதிப்பு அதிகம். 45 வயதில் தனியாரிலிருந்து அரசுப் பணிக்குப் போக வழியிருந்தால் பலருக்கு நல்ல பேரம். அந்த வயதில் அரசுப் பணியை விட்டு வருவது, சம்பளம் மிக அதிகமாக இருந்தாலொழிய, மோசமான பேரம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஓய்வு வயது 55 என்றால் 30 ஆண்டுக்குப் பணம் வேண்டும், 22 என்பது 26-க்குப் பக்கத்தில் போய்விடும். உங்கள் திட்டத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டாவது, தனியார் பக்கத்தின் அந்தக் கூடுதல் 20 சேமிப்புக்குப் போனால்தான் இந்தக் கணக்கு நிற்கும். பெரும்பாலும் அது போகாது. பெரிய வீடு, புது வண்டி என்று வாழ்க்கை அதற்கேற்ப விரிந்துவிடும். உங்கள் சுபாவம் உங்களுக்குத் தெரியும். கையில் வந்த காசை ஒதுக்கிவைக்கும் பழக்கம் இல்லாதவருக்கு, வெட்ட வெளிச்சமாகச் சொன்னால், கட்டாயமாகப் பிடித்துக்கொள்ளும் திட்டமே நல்லது.

நான்காம் படி: நடுவில் விலகினால் என்ன மிஞ்சும்?

சேர்வதற்கு முன்னால் யாரும் விலகுவதைப் பற்றி யோசிப்பதில்லை. ஆனால் உறுதிப் பலன் திட்டத்தில் பெரிய இழப்பு நிகழும் இடம் இதுதான்.

100 சம்பளத்தில் சேர்ந்து, ஆண்டுக்கு 6 சதவீத உயர்வோடு 30 ஆண்டுகள் ஒரே இடத்தில் இருப்பவரின் சம்பளம் 574 ஆகும். 60-இல் ஒரு பங்கு வீதம் 30 ஆண்டுக்குப் பாதி, அதாவது 287 ஓய்வூதியம். இப்போது அதே சம்பள ஏற்றத்தோடு, அதே போன்ற திட்டமுள்ள இரண்டு இடங்களில் 15 ஆண்டு வீதம் வேலை செய்தவரைப் பாருங்கள். முதல் இடத்தை விடும்போது சம்பளம் 240. அதில் கால் பங்கு, 60. அது அப்படியே உறைந்து நிற்கிறது. இரண்டாம் இடத்தில் 574-இல் கால் பங்கு, சுமார் 144. மொத்தம் 204. ஒரு நாள்கூட வேலை இல்லாமல் இருக்கவில்லை, சம்பளமும் குறையவில்லை. ஓய்வூதியம் மட்டும் கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விட்டது.

விலகியவரின் உறைந்த ஓய்வூதியத்தை விலைவாசிக்கேற்பத் திருத்தும் சட்டம் சில நாடுகளில் உண்டு. உங்கள் திட்டத்தில் உண்டா என்று பாருங்கள். இருந்தால் இழப்பு குறையும், இல்லையென்றால் மேலே சொன்னதுதான். சில அரசுகள் முந்தைய அரசுப் பணியை அடுத்ததோடு சேர்த்துக்கொள்ள விடுகின்றன. அதற்கு விண்ணப்பிக்கக் காலவரம்பு இருக்கும், தவறவிட்டால் பெரும்பாலும் போனது போனதுதான்.

பங்களிப்புத் திட்டத்தில் இந்தச் சிக்கல் கிடையாது. கணக்கை எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகலாம். அங்கே ஆபத்து வேறு: வேலை மாறும் ஒவ்வொரு முறையும் பணத்தை எடுத்துச் செலவழித்துவிடுவது. எட்டு, பத்து ஆண்டுகளுக்குள் உறுதியாக விலகப்போகிறவர், அடிக்கடி நாடு மாறுகிறவர், ஒரே மேலதிகாரியைப் பத்தாண்டு தாங்க முடியாதவர் எல்லோருக்கும் பங்களிப்புத் திட்டமே பொருந்தும்.

ஐந்தாம் படி: விலைவாசி ஏறினால் உங்கள் தொகையும் ஏறுமா?

இந்தப் படியில் ஒரே கேள்விதான், ஆனால் விடை ஓய்வூதியத்தின் மதிப்பையே பாதியாக்கும். மாதாமாதம் மாறாத தொகை, விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்றால், 100-க்கு வாங்கியதில் 10 ஆண்டு கழித்து 61-க்கான பொருளே வாங்க முடியும். 20 ஆண்டு கழித்து 38. எண்பதைத் தாண்டும்போது, மருந்துச் செலவு உச்சத்தில் இருக்கும் அந்த நேரத்தில், மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம்.

அரசுத் திட்டங்களின் உண்மையான பலம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. அகவிலைப்படியாகவோ விலைக் குறியீட்டோடு இணைந்த உயர்வாகவோ அது வரும். தனியார் நிறுவனங்களின் பழைய உறுதிப் பலன் திட்டங்களில் பலவற்றில் உயர்வே இருக்காது, அல்லது உச்சவரம்போடு இருக்கும். மொத்தப் பணத்தைக் கொடுத்துக் காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கும் வாழ்நாள் மாதத்தொகை, அதாவது ஆன்யுட்டியும் சாதாரணமாக மாறாத தொகைதான். ஏறும் தொகை வேண்டுமென்றால் ஆரம்பத் தொகை கணிசமாகக் குறையும். அதைப் பார்த்ததும் பலர் மாறாத தொகைக்கே கையெழுத்துப் போடுகிறார்கள். எழுபதுகளின் பாதியில்தான் அதன் விலை தெரியும்.

அரசுத் திட்டத்திலும் உயர்வு சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, ஆண்டுதோறும் அரசு மனம் வைத்தால் தருவதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் அதை உறுதி என்று எண்ணாமல் பாதி மதிப்புக்கு எடுத்துக்கொள்வேன்.

ஆறாம் படி: வாக்குறுதியை யார் மீறக்கூடும்?

அரசு திவாலாகாது என்பது முழு உண்மை அல்ல. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம் 2013-இல் திவால் மனு கொடுத்தது. நகரின் பொது ஊழியர் ஓய்வூதியம் 4.5 சதவீதம் வெட்டப்பட்டது, ஆண்டு உயர்வும் போனது. கடன் நெருக்கடியில் கிரேக்கம் 2010-லிருந்து ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களின் தொகையையே திரும்பத் திரும்பக் குறைத்தது. சொந்த நாணயத்தை அச்சிடும் அரசுக்கும், அந்த அதிகாரம் இல்லாத நகராட்சிக்கும் வித்தியாசம் உண்டு. அச்சிடும் அரசு தொகையைக் குறைக்காமலேயே விலைவாசி வழியாகக் குறைக்க முடியும் என்பது வேறு விஷயம். பெரும்பாலான அரசுகள் இவ்வளவு தூரம் போவதில்லை. புதிதாகச் சேர்பவர்களுக்கு விதியை மாற்றுவார்கள், ஓய்வு வயதைத் தள்ளுவார்கள், பிடித்தத்தைக் கூட்டுவார்கள். இளம் ஊழியருக்கு இது கட்டாயம் நடக்கும் என்றே வைத்துத் திட்டமிடலாம்.

தனியாரில் கதைகள் இன்னும் கசப்பானவை. அமெரிக்காவின் ஸ்டூட்பேக்கர் கார் நிறுவனம் 1963 டிசம்பரில் சவுத் பெண்ட் ஆலையை மூடியது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு முழு ஓய்வூதியம் கிடைத்தது. நாற்பது, ஐம்பது வயதுகளில் இருந்த நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சேரவேண்டியதில் சுமார் 15 சதவீதம்தான் வந்தது. 1974-இல் அமெரிக்கா ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டமும் உத்தரவாதக் கழகமும் கொண்டுவர இது ஒரு காரணம். பிரிட்டனில் 1991-இல் பத்திரிகை அதிபர் ராபர்ட் மேக்ஸ்வெல் இறந்தபின் அவருடைய நிறுவனங்களின் ஓய்வூதிய நிதியிலிருந்து கோடிக்கணக்கான பவுண்டுகள் காணாமல் போயிருந்தது தெரியவந்தது. நிறுவனம் விழுந்தால் கைகொடுக்க இன்று அங்கே 2005-இல் தொடங்கிய பாதுகாப்பு நிதி இருக்கிறது.

ஆகவே தனியார் உறுதிப் பலன் திட்டம் என்றால் மூன்று கேள்விகள்: நிதி நிறுவனத்தின் சொத்திலிருந்து பிரித்து அறக்கட்டளையில் வைக்கப்பட்டிருக்கிறதா, வாக்களித்ததில் எத்தனை சதவீதத்துக்கு இப்போது பணம் இருக்கிறது, நிறுவனம் விழுந்தால் உத்தரவாதம் தர யாராவது உண்டா.

பங்களிப்புத் திட்டத்தில் நிறுவனம் விழுந்தாலும் உங்கள் கணக்கு உங்களுடையது. ஒரு விலக்கு, பணம் நிறுவனத்தின் சொந்தப் பங்குகளில் இருந்தால். 2001-இல் அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் விழுந்தபோது ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பில் பெரும்பகுதி என்ரான் பங்கிலேயே இருந்தது. வேலையும் சேமிப்பும் சேர்ந்தே போயின. சம்பளம் தரும் நிறுவனத்தின் பங்கில் ஓய்வுக்காலப் பணத்தைக் குவிக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

ஏழாம் படி: உங்களுக்குப் பிறகு வீட்டில் இருப்பவருக்கு என்ன வரும்?

ஒருவர் பெயரில் மட்டும் வாழ்நாள் ஓய்வூதியம் எடுத்தால் மாதத்தொகை அதிகமாகத் தெரியும். அவர் போனதும் அது நின்றுவிடும். அரசுத் திட்டங்களில் குடும்ப ஓய்வூதியம் பொதுவாகத் தானாகவே சேர்ந்திருக்கும். மேலே சொன்ன இந்திய ஒருங்கிணைந்த திட்டத்தில் அது 60 சதவீதம். தனியாரில் அதை நீங்கள் தேர்ந்தெடுக்கவேண்டும், அதற்காக உங்கள் தொகையைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவேண்டும். அமெரிக்காவில் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தனியார் திட்டங்களில் இணையரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் அதை மறுக்க முடியாது. அப்படிச் சட்டம் இல்லாத இடத்தில் வீட்டிலேயே அந்த விதியை வைத்துக்கொள்ளலாம். படிவத்தில் கையெழுத்துப் போடும்போது கணவனும் மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து போடுங்கள்.

பங்களிப்புத் திட்டத்துக்கு இங்கே ஒரு வசதி உண்டு. மிச்சப் பணம் வாரிசுக்குப் போகும். துணை இல்லாதவர், உடல்நிலை சரியில்லாதவர், நீண்ட ஆயுளை எதிர்பார்க்காதவர் இதற்குத் தனி மதிப்புக் கொடுக்கலாம்.

எட்டாம் படி: மொத்தமாக எடுக்கச் சொன்னால்

ஓய்வு பெறும்போது மாதத்தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மொத்தப் பணம் வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். கம்யூட்டேஷன் என்பது இதுதான். முதலில் இரண்டையும் வகுத்துப் பாருங்கள். பிரிட்டனின் அரசுத் திட்டங்கள் பலவற்றில், ஆண்டுக்கு 1 விட்டுக்கொடுத்தால் கையில் 12 தருகிறார்கள். விலைவாசிக்கேற்ப ஏறும் 1-ஐ வெளியே வாங்க 22 ஆகும் என்று மேலே பார்த்தோம். 12-க்கு விற்பது நல்ல விலை அல்ல. ஆனால் அங்கே மொத்தத் தொகைக்குப் பெரும்பாலும் வரி இல்லை, ஓய்வூதியத்துக்கு உண்டு என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். இந்திய அரசுப் பணியில் விட்டுக்கொடுத்த பகுதி 15 ஆண்டுக்குப் பின் மீண்டும் வரும் என்பதால் அங்கே கணக்கு வேறு. அதிக வட்டிக் கடன் இருந்தால் அதை அடைக்கிற அளவுக்கு எடுப்பது நியாயம். பிள்ளைகளின் தொழிலுக்குக் கொடுக்க எடுப்பது பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

முழு உறுதிப் பலனையும் விட்டுவிட்டுத் தனியார் கணக்குக்கு மாற்றிக்கொள்ளும்படி யாராவது வந்து சொன்னால் மிகக் கவனம். 2017-இல் பிரிட்டிஷ் ஸ்டீல் ஓய்வூதியத் திட்டத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் அப்படி வெளியேறினார்கள். அவர்களுக்குத் தரப்பட்ட ஆலோசனைகளில் ஏறக்குறைய பாதி பொருந்தாதவை என்று பின்னால் கண்காணிப்பு அமைப்பு கண்டறிந்தது. மாற்றினால் தரகு கிடைக்கும், மாற்றாவிட்டால் கிடைக்காது என்ற நிலையில் இருப்பவரிடம் ஆலோசனை கேட்கவேண்டாம்.

ஒன்பதாம் படி: தனியார் சேமிப்பை மாத வருமானமாக்குவது

அரசு ஊழியருக்கு ஓய்வு நாளோடு முதலீட்டுக் கவலை பெரும்பாலும் முடிகிறது. சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவருக்கு அன்றுதான் கடினமான பகுதி ஆரம்பம்.

சேர்க்கும் காலத்தில் கட்டணத்தைப் பாருங்கள். ஆண்டுக்கு 1 சதவீதம்தானே என்று தோன்றும். ஆண்டுக்கு 6 சதவீதம் ஈட்டும் கணக்கில் 30 ஆண்டுகள் ஒரே அளவு போட்டு வருபவருக்கு, அந்த 1 சதவீதம் கடைசித் தொகையில் 16 சதவீதத்தைத் தின்றுவிடும். நிறுவனம் உங்கள் பங்குக்கு இணையாகப் போடும் தொகை இருந்தால் முழுவதையும் வாங்குங்கள். சம்பளத்தின் ஒரு பகுதியை வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம், வாங்காமல் விடுவது.

எடுக்கும் காலத்தில் ஆபத்து ஆரம்ப ஆண்டுகளில் இருக்கிறது. 1000 வைத்து ஆண்டுக்கு 60 எடுக்கிறீர்கள். முதல் ஆண்டு சந்தை 20 சதவீதம், இரண்டாம் ஆண்டு 10 சதவீதம் விழுந்தால், இரண்டே ஆண்டில் கையில் 623. இனி எடுக்கப்போகும் 60 என்பது இருப்பதில் கிட்டத்தட்ட 10 சதவீதம். பிறகு சந்தை எவ்வளவு ஏறினாலும் பிடிக்க முடியாமல் போகலாம். இதே சரிவு பதினைந்து ஆண்டு கழித்து வந்திருந்தால் அவ்வளவாகத் தெரிந்திருக்காது. முதல் ஆண்டில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்ப அந்தத் தொகையை உயர்த்திக்கொள்ளும் புகழ்பெற்ற விதி, நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் அமெரிக்கச் சந்தைத் தரவுகளை வைத்து 30 ஆண்டு ஓய்வுக்காலத்துக்குப் போட்ட கணக்கு. வேறு நாட்டுச் சந்தைக்கும் 40 ஆண்டு ஓய்வுக்கும் அதை அப்படியே கொண்டுபோகக்கூடாது. நான் 3-லிருந்து 3.5-க்குள் வைத்துத் திட்டமிடச் சொல்வேன்.

நடைமுறையில் நன்றாக வேலை செய்வது இந்தப் பிரிப்பு. வாடகை, உணவு, மருந்து, மின்சாரம் என்று தவிர்க்க முடியாத செலவுகளை முதலில் கூட்டுங்கள். அரச ஓய்வூதியம், உறுதிப் பலன் எவ்வளவு வருகிறதோ அதைக் கழியுங்கள். மிச்சமுள்ள இடைவெளிக்கு மட்டும் ஆன்யுட்டி வாங்கலாம், அதையும் எழுபதை ஒட்டி வாங்கினால் மாதத்தொகை கூடும். மீதிப் பணம் முதலீட்டில் இருக்கட்டும். அரசு ஓய்வூதியம் முழுதாக உள்ளவருக்கு இடைவெளியே இருக்காது, அதனால் அவருடைய சொந்தச் சேமிப்பைத் துணிந்து பங்குகளில் வைக்கலாம். அப்படிச் செய்பவர்கள் குறைவு என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

பத்தாம் படி: ஆண்டுக்கு ஒருமுறை ஏட்டைச் சரிபாருங்கள்

எந்தத் துறையாக இருந்தாலும், ஓய்வூதியம் தாமதமாவதற்குச் சந்தையைவிடச் சாதாரணக் காரணங்களே அடிக்கடி காரணம். பிறந்த தேதி ஓர் ஆவணத்தில் ஒன்று, இன்னொன்றில் வேறு. பெயரில் முதலெழுத்து முன்னால் ஒன்றில், பின்னால் ஒன்றில். சம்பளமில்லா விடுப்பு பணிக்காலத்தில் கழிந்ததா, சேர்ந்ததா என்ற குறிப்பு இல்லை. பழைய நிறுவனத்தின் கணக்கு புதியதோடு சேர்க்கப்படவில்லை. திருமணத்துக்கு முன் எழுதிய நாமினி இன்னும் மாறவில்லை.

அரசுப் பணியில் பணிப்பதிவேட்டின் நகலையும், தனியாரில் கணக்கு அறிக்கையையும் ஆண்டுதோறும் வாங்கி, சம்பளச் சீட்டில் காட்டிய பிடித்தம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு மாதமாகப் பாருங்கள். தவறு இருந்தால் மின்னஞ்சலிலோ கடிதத்திலோ எழுதிக் கேளுங்கள், வாய்மொழியாக வேண்டாம். திருத்தச் சொல்லும் அதிகாரி மாற்றலாகிப் போவதற்கு முன், நிறுவனம் பெயர் மாறுவதற்கு முன் செய்தால் ஒரு படிவத்தோடு முடியும். ஓய்வு பெற்ற பிறகு என்றால் அதே திருத்தத்துக்கு இருபது ஆண்டு பழைய சம்பளச் சீட்டைக் கேட்பார்கள், ஆகவே அவற்றை மென்நகலாக இரண்டு இடத்தில் வைத்து, எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள்.